கணினியைத் துயிலெழுப்புவது யார்?

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பெரட்டு என்றால் என்னவென்று நாம் விளக்க வேண்டியதில்லை. விடியுமுன் ஜாகா மணியடிப்பார். லயங்களில் விளக்குகள் எரியும். ஆட்கள் களத்தில் வந்து நிற்பார்கள். கிராணியார் செக்ரோல் புத்தகத்தைத் திறந்து பெயர் கூப்பிடுவார். மண்டோர் நிரை பிரித்துக் கொடுப்பார். அதன் பிறகே உளியும் வாளியும் மரத்தடிக்குப் போகும். இந்த வரிசையில் ஓரிடம் தடைப்பட்டாலும் அன்றைய வேலை முழுவதும் தடைப்படும். மணியடிக்கும் ஜாகா அயர்ந்து உறங்கிவிட்டால் மண்டோர் எழமாட்டார். மண்டோர் எழாவிட்டால் ஆயிரம் மரங்கள் இருந்தும் பால் வராது.

இன்று தோட்டங்கள் பல மூடப்பட்டுவிட்டன. குருபோங், டுரியான் துங்கால், அலோர் காஜா, ஜாசின் வட்டாரங்களில் பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகள் தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் கணினியின் முன் அமர்ந்திருக்கிறார்கள். நம் வீடுகளிலும் ஒரு மடிக்கணினி இருக்கிறது. விசையை அழுத்துகிறோம், சில நொடிகளில் திரை விழித்துக்கொள்கிறது. அந்தச் சில நொடிகளுக்குள்ளும் ஒரு பெரட்டு நடக்கிறது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அங்கும் ஒரு ஜாகா உண்டு, மண்டோர் உண்டு, செக்ரோல் உண்டு. அவர்களின் வரலாற்றையும், ஒரே வட்டுக்குப் பல பெயர்கள் இருந்ததால் விளைந்த தொல்லைகளையும் இவ்வுரையில் காண்போம்.

முதலில் அடிப்படையான சிக்கலைப் புரிந்துகொள்ள வேண்டும். கணினிக்கு வேலை சொல்லும் பெரிய நிரலை இயங்குதளம் என்கிறோம். விண்டோஸ், லினக்ஸ் முதலியன இயங்குதளங்கள். இயங்குதளம் வட்டில் எழுதப்பட்டிருக்கிறது. வட்டிலிருப்பதைப் படித்து நினைவகத்தில் ஏற்ற ஒரு நிரல் வேண்டும். அந்த நிரலோ வட்டில்தான் இருக்கிறது! பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதைதான் இது. மின்சாரம் வந்த அந்தக் கணத்தில் கணினியின் நினைவகம் வெறுமையாக இருக்கும். யாரேனும் ஒருவர் முதல் கட்டளையைச் சொல்லியாக வேண்டும்.

தொடக்க காலத்தில் அந்த ஒருவர் மனிதராகவே இருந்தார். 1952-இல் வெளிவந்த ஐ.பி.எம். 701 என்னும் கணினியில் 'ஏற்று' என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் துளையிட்ட அட்டை போன்றவற்றிலிருந்து முதல் கட்டளைகள் உள்ளே போகும். அக்கட்டளைகள் அடுத்தவற்றை இழுத்துக்கொள்ளும். 1975-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஆல்டேர் 8800 என்னும் சிறு கணினியின் முகப்பில் வரிசையாக விசைகள் இருந்தன. பயன்படுத்துவோர் அவற்றை மேலும் கீழும் தள்ளி, முதல் கட்டளைகளை ஒவ்வொன்றாகக் கையாலேயே உள்ளிட வேண்டியிருந்தது. ஒரு விசை தவறினால் அதைக் கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். இத்தொடக்க நிரலுக்கு ஆங்கிலத்தில் பூட்லோடர் என்று பெயர் அமைந்தது. காலணியின் வாரைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்ளும் மனிதனைப் பற்றிய வேடிக்கைப் பேச்சிலிருந்து பிறந்த பெயர் அது. நாம் அதை 'எழுப்பு நிரல்' என்று அழைப்போம்.

1981 ஆகஸ்டு 12-ஆம் நாள் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணினியை அறிவித்தது. இன்று நாம் மேசைகளில் காணும் கணினிகள் பலவற்றின் மூதாதை அதுதான். அதற்குள் அழியாத ஒரு சில்லில் பயாஸ் என்னும் சிறு நிரலைப் பதித்து வைத்திருந்தார்கள். அவர்தாம் உறங்காத ஜாகா. மின்சாரம் வந்ததும் அவர் விழித்து, வட்டின் முதல் கட்டத்தில் உள்ள 512 பைட்டுகளை மட்டும் நினைவகத்தில் ஏற்றிவிட்டு, 'இனி உன் பாடு' என்று ஒதுங்கிக்கொள்வார். வட்டில் என்ன இயங்குதளம் இருக்கிறது, கோப்பு எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. மணியடிப்பது மட்டுமே அவர் வேலை.

1983-இல் 10 மெகாபைட் கொண்ட வன்வட்டோடு ஐ.பி.எம். எக்ஸ்.டி. என்னும் கணினி வந்தது. அதனுடன் வந்த டாஸ் இயங்குதளத்தின் இரண்டாம் பதிப்பு, ஒரு வட்டை நான்கு பாகங்கள் வரை பிரித்துக்கொள்ள இடமளித்தது. எந்தப் பாகம் எங்கே தொடங்குகிறது என்னும் கணக்கையும் அதே முதல் கட்டத்தில்தான் எழுத வேண்டும். ஆகவே அந்த 512 பைட்டுகள் இப்படிப் பங்கிடப்பட்டன: எழுப்பு நிரலுக்கு 446, நான்கு பாகங்களின் கணக்குக்குப் பதினாறு பதினாறாக 64, 'இது முறையான கட்டம்தான்' என்று காட்டும் முத்திரைக்கு 2. இந்தப் பங்கீட்டை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நாம் பின்னர் சொல்லவிருக்கும் ஒரு துயரத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு.

இனிப் பெயர்க் கதைக்கு வருவோம். தோட்டத்தில் ஒரே ஆளுக்கு எத்தனை பெயர்கள் இருந்தன என்பதை எண்ணிப் பாருங்கள். செக்ரோலில் அவருக்கு ஓர் எண். லயத்தில் 'மூலை வீட்டுக்காரர்' என்று இடத்தால் ஒரு பெயர். வேலையைக் கொண்டு 'காண்டாக்காரர்' என்று ஒரு பெயர். அடையாள அட்டையில் வேறோர் எழுத்துக்கூட்டலில் ஒரு பெயர். பிறப்புச் சான்றிதழில் இன்னொன்று. எல்லாம் ஒரே ஆள்தான் என்பது தோட்டத்துக்குள் இருக்கும்வரை யாருக்கும் சிக்கலில்லை. வெளியிலிருந்து ஒருவர் வந்து சேமநிதியைக் கணக்குப் பார்க்கும்போதுதான் சிக்கல் எழும். அப்படி அலைந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு.

வட்டுகளுக்கும் அதே கதிதான் நேர்ந்தது. பயாஸ் என்னும் ஜாகா வட்டுகளை வரிசை எண்ணால் மட்டும் அறிவார். நெகிழ்வட்டுகளை 0 முதல் எண்ணுவார். வன்வட்டுகளை 128 முதல் எண்ணுவார். எந்த வட்டு எந்த நிறுவனத்தில் செய்யப்பட்டது, எந்தக் கம்பியில் பூட்டப்பட்டிருக்கிறது என்பது அவருக்குப் பொருட்டல்ல. டாஸும் விண்டோஸும் பாகங்களை எழுத்தால் அழைத்தன. நெகிழ்வட்டுக்கு ஏ, பி, வன்வட்டுக்கு சி. 1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கிய யூனிக்ஸ் மரபிலோ, ஒவ்வொரு சாதனமும் ஒரு கோப்பு போலப் பெயர் பெற்றது. அந்த மரபில் வந்த இயங்குதளங்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு பெயர் முறையை வகுத்துக்கொண்டது.

1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் தோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், வட்டின் வகையைப் பெயரிலேயே காட்டியது. ஐ.டி.இ. என்னும் வகை வட்டானால் எச்.டி.ஏ., எச்.டி.பி. என்று வரிசையாகப் பெயர். ஸ்கசி என்னும் வகையானால் எஸ்.டி.ஏ., எஸ்.டி.பி. நெகிழ்வட்டானால் எஃப்.டி.0. ஃபிரீ பி.எஸ்.டி. என்னும் இயங்குதளத்தில் அதே ஐ.டி.இ. வட்டுக்கு ஏ.டி.0 என்றும் ஸ்கசி வட்டுக்கு டி.ஏ.0 என்றும் பெயர். நெட் பி.எஸ்.டி.யில் ஐ.டி.இ. வட்டு டபிள்யூ.டி.0 ஆகும். குனு ஹர்ட் என்னும் தளத்தில் அது எச்.டி.0. சோலாரிஸ் தளத்தில் எந்தக் கட்டுப்பாட்டுப் பலகை, அதில் எத்தனையாவது இணைப்பு, எத்தனையாவது வட்டு, எத்தனையாவது துண்டு என்று முழு விலாசத்தையும் சேர்த்துப் பெயராக்கினார்கள். 'மூன்றாம் லயம், ஐந்தாம் வீடு, பின்கட்டு' என்பது போல!

இப்போது எழுப்பு நிரலை வட்டில் பதிக்கும் கருவியின் இக்கட்டை எண்ணிப் பாருங்கள். அந்தக் கருவி இயங்குதளத்துக்குள் இருந்துகொண்டு வேலை செய்கிறது. ஆகவே இயங்குதளம் சொல்லும் பெயரே அதன் காதில் விழும். மறுநாள் காலையிலோ எழுப்பு நிரல் விழிக்கும்போது இயங்குதளம் இன்னும் உறக்கத்தில் இருக்கும். அப்போது பேச்சுத் துணைக்கு இருப்பவர் பயாஸ் ஒருவர்தாம். அவருக்கோ வரிசை எண்ணைத் தவிர வேறெதுவும் தெரியாது. இரவில் ஒரு பெயர், காலையில் ஒரு பெயர். இரண்டும் ஒரே வட்டைத்தான் குறிக்கின்றன என்று யார் உறுதி சொல்வது?

1992-இல் வெர்னர் ஆல்மெஸ்பெர்கர் என்பவர் லினக்ஸுக்காக லைலோ என்னும் எழுப்பு நிரலை எழுதினார். அது எளிய வழியைக் கையாண்டது. இயங்குதளத்தின் கரு, வட்டில் எந்தெந்தக் கட்டங்களில் இருக்கிறது என்று முன்கூட்டியே பட்டியல் எடுத்து வைத்துக்கொள்ளும். காலையில் பட்டியலைப் பார்த்துக் கட்டங்களை ஏற்றிவிடும். வழி எளிது, ஆனால் கருவைப் புதுப்பித்துவிட்டுப் பட்டியலைப் புதுப்பிக்க மறந்தால் மறுநாள் கணினி எழாது. வேலை செய்யும்போது லைலோ தன் பெயரின் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டும். இரண்டு எழுத்தோடு நின்றுவிட்டால் இரண்டாம் படியில் தடங்கல் என்று பொருள். அக்காலத்தில் கணினி பழகியவர்கள் பலருக்கு அந்த அரைப்பெயர் நெஞ்சில் பதிந்திருக்கும்.

1995-இல் எரிக் போலின் என்பவர் வேறொரு வழியைத் தேடினார். குனு ஹர்ட் இயங்குதளத்தை எழுப்ப அவர் உருவாக்கிய நிரலின் பெயர் கிரப். அது கோப்பு முறையைத் தானே படிக்கும் ஆற்றல் பெற்றது. கட்டங்களின் பட்டியல் தேவையில்லை. கோப்பின் பெயரைச் சொன்னால் அதுவே தேடி எடுத்துக்கொள்ளும். 1999-இல் கோர்டன் மாட்ஸிகைட், யோஷினோரி ஒகுஜி ஆகியோர் அதைக் குனு திட்டத்தின் அதிகாரப்பூர்வ நிரலாக ஏற்று வளர்த்தனர். ஓர் இயங்குதளத்துக்கு மட்டும் உரியதாக இல்லாமல், பல தளங்களையும் எழுப்பக்கூடிய பொது மண்டோராக அது அமைந்தது.

கிரப் பெயர்ச் சிக்கலை எப்படித் தீர்க்க முயன்றது? தனக்கென ஒரு மூன்றாம் பெயர் முறையை வகுத்தது. ஐ.டி.இ. ஆனாலும் ஸ்கசி ஆனாலும் எல்லா வன்வட்டும் எச்.டி.தான், முதலாவது எச்.டி.0, அடுத்தது எச்.டி.1. பிறகு ஒரு சிறு ஏட்டை எழுதி வைத்தது. 'நம் எச்.டி.0 என்பது லினக்ஸின் எச்.டி.ஏ.' என்று இரு பெயர்களையும் பக்கம் பக்கமாகக் குறித்த ஏடு அது. கிராணியாரின் செக்ரோலுக்கும் லயத்துப் பெயர்களுக்கும் இடையே ஒரு பொருத்தப் புத்தகம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த ஏட்டை நிரப்புவதற்காக, பதிக்கும் கருவிக்குள் ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் தனித்தனியாக விதி எழுத வேண்டியிருந்தது. லினக்ஸானால் நெகிழ்வட்டை இப்படிக் கூப்பிடு, ஹர்டானால் இப்படி, ஃபிரீ பி.எஸ்.டி. ஆனால் இப்படி என்று நீண்ட பட்டியல். புதுவகை வட்டு வரும்போதெல்லாம் பட்டியலும் நீண்டது. காம்பேக் நிறுவனத்தின் சர்வர்களில் இருந்த பல வட்டுத் தொகுப்புகளுக்கு ஒரு பெயர். நினைவக அட்டைக்கு ஒரு பெயர். மென்பொருளாலேயே படைக்கப்பட்ட மாய வட்டுக்கு வி.டி.ஏ. என்று ஒரு பெயர். 2011-க்குப் பின் பரவிய என்.வி.எம்.இ. வகைக்கு இன்னொரு பெயர். பாகத்தின் எண்ணை ஒட்டுவதில்கூட ஒருமைப்பாடு இல்லை. எஸ்.டி.ஏ. வட்டின் முதல் பாகம் எஸ்.டி.ஏ.1. ஆனால் பெயர் எண்ணில் முடியும் வட்டானால் நடுவே பி என்னும் எழுத்தைச் சேர்க்க வேண்டும். இல்லையேல் எது வட்டின் எண், எது பாகத்தின் எண் என்று குழம்பிப்போகும். எண்ணத் தொடங்கும் இடமும் மாறியது. பழைய கிரப் முதல் பாகத்தை 0 என்றது. அடுத்து வந்த இரண்டாம் தலைமுறைக் கிரப் அதை 1 என்றது.

இவையெல்லாவற்றிலும் பெரிய பலவீனம் ஒன்று இருந்தது. ஏட்டை எழுதும் கருவி, வட்டுகளின் வரிசையை ஊகம்தான் செய்தது. ஐ.டி.இ. வட்டுகளை முன்னே நிறுத்தியது. ஸ்கசி வட்டுகளைப் பின்னே நிறுத்தியது. பயாஸ் அதே வரிசையில் எண்ணினால் நன்மை. மாற்றி எண்ணினால்?

நேயர்களே, மாற்றி எண்ணினால் என்ன ஆகும் என்பதை நாம் பட்டறிந்தவர்கள். 2008-ஆம் ஆண்டில் நாம் பணியாற்றிய பள்ளியில் ஒரு பழைய கணினி இருந்தது. அதில் விண்டோஸ் இருந்தது. அதைவிட மேலான ஒரு செல்வமும் இருந்தது. தோட்டத்தை விட்டு வெளியேறிக்கொண்டிருந்த குடும்பங்களிடம் பழைய படங்களைக் கேட்டு வாங்கி, படியெடுத்து, அந்த வட்டில் சேர்த்து வைத்திருந்தோம். மாரியம்மன் கோயில் தீமிதி, லயத்து வாசலில் நடந்த திருமணம், பால் ஸ்டோரின் முன் வாளியோடு நிற்கும் பெண்கள், பலகைப் பள்ளிக்கூடத்தின் வகுப்புப் படம் என்று பல. படியெடுத்தபின் மூலப் படங்களை உரியவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

மாணவர்களுக்கு லினக்ஸையும் காட்டுவோம் என்னும் ஆர்வத்தில் புதிய வட்டொன்றை வாங்கிப் பூட்டினோம். புதியது வேறு வகை. லினக்ஸ் நன்றாகவே பதிந்தது. எழுப்பு நிரலை எங்கே எழுதட்டும் என்று கருவி கேட்டது. 'முதல் வட்டு' என்று காட்டியதை நாம் ஒப்புக்கொண்டோம். கணினியை மீண்டும் இயக்கியபோது கிரப் என்னும் பெயர் மட்டும் திரையில் தோன்றி அப்படியே நின்றது. பழைய வட்டின் முதல் கட்டத்தில் இருந்த நிரல், தன் மறுபாதியைத் தவறான வட்டில் தேடிக்கொண்டிருந்தது. கருவி எண்ணிய வரிசையும் பயாஸ் எண்ணிய வரிசையும் வேறாக இருந்ததே காரணம்.

அன்று நமக்கு அது தெரியவில்லை. வட்டு கெட்டுவிட்டது என்று எண்ணினோம். மறுநாள் வகுப்பு நடக்க வேண்டுமே என்னும் பதற்றத்தில் பழைய வட்டை முழுவதும் துடைத்து விண்டோஸை மீண்டும் பதித்தோம். படங்கள் போயின.

உண்மையில் மாறியிருந்தது முதல் கட்டத்தின் 446 பைட்டுகளும் அதை அடுத்த சிறு வெற்றிடமும் மட்டுமே. பாகக் கணக்கு எழுதிய 64 பைட்டுகள் கலையாமல் இருந்தன. விண்டோஸ் இருந்தது. படங்கள் அனைத்தும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒரு சிறு திருத்தத்தில் எல்லாம் மீண்டிருக்கும். ஜாகா மணியடிக்கவில்லை என்பதற்காக லயத்தையே இடித்துத் தள்ளியவர்கள் ஆனோம்.

சில மாதங்கள் கழித்து ஒரு பாட்டியம்மாள் பள்ளிக்கு வந்தார். மலிவு வீட்டுக்குக் குடிபெயர்ந்தபோது அவருடைய பெட்டி மழையில் நனைந்துவிட்டதாம். "வாத்தியாரே, எங்க கல்யாணப் படம் பாழாப்போச்சு. பள்ளிக்கூடத்துல ஒண்ணு இருக்குன்னு சொன்னீங்களே?" என்று கேட்டார். நாம் தலைகுனிந்து நின்றோம். பிறகு வீடு வீடாகச் சென்று மீண்டும் படங்களைத் திரட்டினோம். முன்பு சேர்த்ததில் பாதிகூடத் தேறவில்லை. அந்தப் பாட்டியம்மாளின் படம் கிடைக்கவே இல்லை.

இத்தகைய இழப்பு நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. அதே ஆண்டுகளில் லினக்ஸ் தன் பெயர் முறையையே மாற்றிக்கொண்டிருந்தது. ஐ.டி.இ. வட்டுகளையும் ஸ்கசியின் குடும்பப் பெயரால் அழைக்கத் தொடங்கியது. நேற்றுவரை எச்.டி.ஏ. என்றிருந்த வட்டு, கருவைப் புதுப்பித்த மறுநாள் எஸ்.டி.ஏ. ஆயிற்று. பழைய பெயரை எழுதி வைத்திருந்த கணினிகள் தங்கள் வட்டையே தாங்கள் கண்டுகொள்ள முடியாமல் நின்றன. ஃபிரீ பி.எஸ்.டி.யிலும் 2012-இல் வெளிவந்த ஒன்பதாம் பதிப்பில் ஏ.டி. என்பது ஏ.டி.ஏ. ஆயிற்று. யு.எஸ்.பி. விரல்வட்டு வந்தபின் குழப்பம் இன்னும் மிகுந்தது. அதுவும் எஸ்.டி. குடும்பத்திலேயே சேர்ந்ததால், இன்று எஸ்.டி.ஏ. என்று நிற்பது வன்வட்டா விரல்வட்டா என்று பெயரைக் கொண்டு சொல்ல இயலாமற்போயிற்று.

இதற்கு அறிஞர்கள் கண்ட தீர்வு நமக்கு நன்கு பழக்கமானதே. ஆளை வரிசையால் அழைக்காதே, இடத்தால் அழைக்காதே. அடையாள அட்டை எண்ணால் அழை என்பதுதான் அது. ஒவ்வொரு பாகத்தையும் உருவாக்கும்போதே அதற்கெனத் தனித்த ஓர் அடையாள எண்ணை எழுதிவிடுகிறார்கள். யு.யு.ஐ.டி. என்பது அதன் பெயர். இடையே கோடுகளோடு பெரும்பாலும் 36 குறிகள் நீளும் எண் அது. வட்டை எந்தக் கம்பியில் மாட்டினாலும், எந்த இயங்குதளம் எந்தப் பெயரில் அழைத்தாலும் அந்த எண் மாறாது. 2002-இல் ஒகுஜி தொடங்கிய முயற்சியிலிருந்து வளர்ந்து, 2012-இல் 2.00 என்னும் பதிப்பாக வெளிவந்த இரண்டாம் தலைமுறைக் கிரப், காலையில் விழித்ததும் வட்டுகளையெல்லாம் தானே பார்வையிட்டு அந்த எண்ணுடைய பாகத்தைத் தேடிக்கொள்ளும். ஊகம் எழுதிய பழைய ஏடு பெரும்பாலும் தேவையற்றதாயிற்று.

ஜாகாவும் மாறினார். பயாஸுக்கு மாற்றாக யூ.இ.எஃப்.ஐ. என்னும் முறை வந்தது. அதை வகுப்பதற்கான அமைப்பு 2005-இல் தோன்றியது. இந்தப் புதிய ஜாகாவுக்குக் கோப்புகளைப் படிக்கத் தெரியும். எழுப்பு நிரலை 446 பைட்டுகளுக்குள் அடைக்க வேண்டியதில்லை. தனிப் பாகத்தில் ஒரு கோப்பாக வைத்தால் போதும். அதனுடன் வந்த புதிய பாகப் பட்டியல் வழக்கமாக 128 பாகங்களுக்கு இடம் தருகிறது. பழைய பட்டியலில் 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட வட்டை முழுவதும் கணக்கில் எழுத முடியாதிருந்தது. அந்தக் குறையும் நீங்கிற்று.

பல இயங்குதளங்களுக்கு ஒரே பதிக்கும் முறை என்னும் கனவை மெய்ப்பிக்க முயன்ற பெரும் திட்டம் ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய தேபியான் அது. உலகெங்கும் உள்ள தொண்டர்கள் ஊதியமின்றி உருவாக்கும் இயங்குதளம். 2011 பிப்ரவரியில் வந்த அதன் ஆறாம் பதிப்பில், லினக்ஸ் கருவோடு ஒன்று, ஃபிரீ பி.எஸ்.டி. கருவோடு ஒன்று என இரு வடிவங்களைச் சேர்த்தே வெளியிட்டார்கள். பதிக்கும் நிரல் ஒன்றே. வட்டின் பெயரோ கருவுக்குக் கரு வேறு. ஒவ்வொரு வேறுபாட்டையும் பொறுமையாகத் தேடித் தீர்த்தார்கள். ஃபிரீ பி.எஸ்.டி. வடிவம் நெடுநாள் நிலைக்கவில்லை. 2015-இல் வந்த எட்டாம் பதிப்பில் அது இடம்பெறவில்லை. ஆயினும் அந்த உழைப்பால் கருவிகள் பண்பட்டன.

இதற்கும் தமிழருக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் கேட்கலாம். நேரான தொடர்பே உண்டு. இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007 ஜனவரியில் வெளியிட்ட 'பாஸ்' என்னும் இயங்குதளம் தேபியானை அடிப்படையாகக் கொண்டது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பயன்படுத்தும் வசதி அதில் உண்டு. 2011 செப்டம்பர் 15-ஆம் நாள், அறிஞர் அண்ணாவின் பிறந்த நாளில், திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில் தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. தொடக்கத்தில் வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸும் ஒரே வட்டில் அருகருகே இருந்தன. விசையை அழுத்தியதும் 'எதை எழுப்பட்டும்?' என்று கேட்கும் பட்டியல் திரையில் தோன்றும். கூலி வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளும் அந்தப் பட்டியலைப் பார்த்தார்கள். நம் நாட்டிலும் 2004-இல் அரசுத் துறைகளுக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டம் வகுக்கப்பட்டது. ஆக, எங்கோ முகம் தெரியாத தொண்டர் ஒருவர் வட்டுப் பெயரைச் சரியாகக் கண்டுபிடிக்க எழுதிய சில வரிகள், ஓர் ஏழை மாணவரின் கணினி காலையில் ஒழுங்காக எழுவதற்குக் காரணமாகின்றன.

சிக்கல் முற்றிலும் தீர்ந்துவிட்டதா? இல்லை. 2020 ஜூலையில் கிரப்பில் ஒரு பாதுகாப்புக் குறை வெளிப்பட்டது. அதைத் திருத்தும் புதுப்பிப்பை உடனே அனுப்பினார்கள். புதுப்பித்த கணினிகளில் சில மறுநாள் எழவில்லை. ஏனென்று ஆராய்ந்தபோது பழைய கதையே வெளிப்பட்டது. எந்த வட்டில் எழுப்பு நிரல் இருக்கிறது என்று முன்பு எழுதி வைத்த குறிப்பு அக்கணினிகளில் பிழையாக இருந்தது. வட்டை மாற்றியிருந்தார்கள், குறிப்பை மாற்றவில்லை. கருவி புதிய நிரலை வேறிடத்தில் எழுதிற்று. காலையில் எழுந்ததோ பழைய நிரல். அதன் துணைக்கோப்புகள் மட்டும் புதியவை. ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாமல் இருவரும் நின்றுவிட்டார்கள். செக்ரோல் புத்தகத்தைக் காலத்தோடு திருத்தாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நேயர்களே, இவ்வரலாற்றிலிருந்து நம் வீட்டுக்கு உதவும் நான்கு செய்திகளைச் சொல்லி முடிக்கிறோம். கணினியில் புதிய இயங்குதளம் பதிக்குமுன், படங்களையும் சான்றிதழ்களையும் வேறொரு வட்டில் படியெடுத்து, அந்த வட்டைக் கழற்றித் தனியே வையுங்கள். இரண்டு வட்டுகள் இருந்தால், தொடக் கூடாததன் இணைப்பைக் கழற்றிவிட்டே வேலையைத் தொடங்குங்கள். எந்த வட்டு என்று கருவி கேட்கும்போது 'முதலாவது' என்பதை நம்பாதீர்கள். அதன் கொள்ளளவையும் செய்த நிறுவனத்தின் பெயரையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கணினி எழவில்லை என்றால் உடனே துடைத்துவிடாதீர்கள். எழுப்புபவர் வழி தவறியிருக்கலாம். வீட்டில் இருப்பவர்கள் நலமாகவே இருக்கலாம். விசையை அணைத்துவிட்டு, தெரிந்தவர் ஒருவரைக் கேளுங்கள்.

நம் குடும்பங்களின் பழைய படங்களில் பல இன்று பெட்டிகளில் இல்லை, வட்டுகளில் இருக்கின்றன. தோட்டமும் இல்லை, லயமும் இல்லை என்னும் நிலையில் அந்தப் படங்களே நம் பிள்ளைகளுக்குச் சாட்சி. அவற்றைக் காக்கும் பொறுப்பு நம்முடையது. மீண்டும் திரட்டிய படங்களை நாம் இப்போது மூன்று இடங்களில் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு வட்டின் மேலும் அதன் பெயரைத் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறோம். உங்கள் வீட்டில் ஒரு பழைய படம் இருந்தால், இன்று மாலையே எடுத்துப் பாருங்கள்.